வலிக்கு யார் பொறுப்பு?

காலையில் உலாவ வருகிற பெரியவர்களின் சம்பாஷணை இந்தச் சில வருஷங்களில் வெகுவாக மாறிவிட்டது. பென்ஷன், பிள்ளையின் உத்தியோகம், பெண்ணுக்கு வரன் என்றிருந்த இடத்தில் இப்போது ஓர் எண் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. "உமக்கு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால், வயதையோ வருமானத்தையோ கேட்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலைத்தான் கேட்கிறார். எண்ணைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "மாத்திரை சாப்பிடுகிறீரா?" மூன்றாவது கேள்வி, "கால் வலிக்கிறதா?"

இந்த மூன்றாவது கேள்விதான் என் நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொண்டது. அவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். மாரடைப்பு வந்து பிழைத்து, இருதயத்தின் ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர். இரவில் ஒரு ஸ்டாடின் மாத்திரை, காலையில் நடை என்று ஒழுங்காக இருந்து வந்தார். 'அந்த மாத்திரை தசையைத் தின்றுவிடும்' என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து நாளில் தொடையில் வலி கண்டது. மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"தினம் நடக்கிறேனே, சார்! அதுவே போதும். கொழுப்பை நடந்தே கரைத்துவிடுகிறேன்" என்றார்.

அவர் உள்ளே போன சமயத்தில் அவருடைய மனைவி என்னிடம், "நீங்கள் சொன்னால் கேட்பார், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். நாவலாசிரியன் பேச்சைக் கேட்டு மாத்திரை சாப்பிடுகிறவர் உலகத்தில் உண்டா? ஆனாலும் அந்த அம்மாளின் முகத்திலிருந்த பயம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அந்த மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அது அரிசியில் ஆரம்பிக்கிறது. ஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்த அகிரா எண்டோவுக்குச் சிறு வயது முதலே காளான், பூஞ்சணம் என்றால் மோகம். பெனிசிலின் தந்த பூஞ்சணம் கொலஸ்ட்ராலை அடக்கும் மருந்தையும் தராதா என்று எண்ணி, டோக்கியோவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1971-ல் தேட ஆரம்பித்தார். சுமார் 6,000 வகைகளைச் சோதித்த பிறகு, 1973-ல் ஒன்று அகப்பட்டது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படர்ந்திருந்த பூஞ்சணம் அது. நம் வீட்டில் என்றால் அந்த அரிசியைக் குப்பையில் கொட்டியிருப்போம்.

கொலஸ்ட்ரால் விஷம் அல்ல. உடம்பின் ஒவ்வோர் அணுவின் சுவருக்கும் அது வேண்டும். அதில் பெரும் பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதில் முக்கியமான பட்டறை. ஸ்டாடின் அந்தப் பட்டறையின் உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. வீட்டில் கையிருப்புக் குறைந்தால் கடைக்கு ஓடுகிறோம் அல்லவா? அதுபோலக் கல்லீரல், ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்ற கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ரத்தக் குழாயின் சுவரில் படிந்து அடைப்பது இந்த எல்.டி.எல்.தான்.

1978-ல் ஒஸாகாவில் டாக்டர் அகிரா யமமோட்டோ இந்த மருந்தைப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தார். பரம்பரைக் கோளாறினால் அவள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிதமிஞ்சி இருந்தது. மருந்து வேலை செய்தது. ஆனால் சில வாரங்களில் அவளுடைய தசைகள் பலம் இழந்தன. கொடுத்த அளவு அதிகம் என்று கண்டு டாக்டர் அளவைக் குறைத்தார். ஆகவே தசை உபாதை என்பது யாரோ கட்டிவிட்ட வதந்தி அல்ல. மருந்தோடு கூடப் பிறந்தது.

அதன் தங்கை மருந்தான லோவாஸ்டாடினை 1987-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. 1994-ல் வெளியான ஸ்காந்திநேவிய நாடுகளின் பரிசோதனை ஒன்றில் 4,444 இருதய நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டாடினும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். ஐந்து வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் வெற்று மாத்திரைக்காரர்களில் 256 பேரும், மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேரும் இறந்தார்கள். வித்தியாசம் 74 உயிர்கள். என் நண்பரின் மனைவி பயந்ததற்குக் காரணம் இருக்கிறது.

நண்பர் பயந்ததற்கும் காரணம் உண்டு. ஸெரிவாஸ்டாடின் என்ற ஒரு வகை, சிலருடைய தசைகளைச் சிதைத்து, சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கியது. 2001-ல் அதை உலகச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்ற ஸ்டாடின்களில் அவ்வளவு கடுமையான ஆபத்து மிக மிக அபூர்வம். ஆனாலும் தாங்க முடியாத தசை வலி வந்தாலோ, மாடிப்படி ஏற முடியாத பலவீனம் கண்டாலோ, சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

சாதாரண வலிக்குத்தான் விடை கண்டுபிடிப்பது கஷ்டம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார்கள். 2020-ல் அது வெளியாயிற்று. உபாதை தாங்காமல் ஸ்டாடினை விட்டவர்கள் 60 பேர். ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் ஸ்டாடின், நான்கில் வெற்று மாத்திரை, மீதி நான்கில் ஒன்றுமே இல்லை. தினமும் தங்கள் உபாதைக்கு மார்க் போட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! மாத்திரையை நிறுத்தியதும் உபாதை குறைந்ததே, அதுவும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீரா, எல்லாம் மனப்பிரமை!" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகி இறந்துபோன வாரம், வாசகி ஒருவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று கடிதம் எழுதினார். இறந்தவள் கற்பனை, பட்டினி கற்பனை இல்லையே! காரணம் வெறும் எண்ணமாக இருக்கலாம். அதனால் விளைந்த கண்ணீர் உப்புக் கரிக்கத்தான் செய்யும்.

நண்பரிடம் இந்த எண்களைச் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா? மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் என் வலி பொய்யா, சார்?" என்றார்.

"வலி நிஜம், சார். குற்றவாளி யார் என்பதுதான் தெரியவில்லை. விசாரணை இல்லாமல் மாத்திரைக்குத் தண்டனை கொடுத்துவிட்டீர்கள்."

மறு வாரம் டாக்டரிடம் போனார். அவர் ரத்தத்தில் தசைச் சிதைவின் அடையாளம் உண்டா என்று பார்த்தார். தைராய்டு சுரப்பியைச் சோதித்தார். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். பிறகு வேறொரு ஸ்டாடினைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். சில நாள் கால் வலிக்கிறது என்றுதான் நண்பர் இன்னும் சொல்கிறார். மாத்திரையை விடவில்லை.

அவருடைய இன்னொரு வாதம் மிச்சமிருக்கிறது: நடந்தாலே போதும் என்பது. நடையின் மகிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முதல் பெரிய சாட்சி லண்டன் பஸ்கள். டாக்டர் ஜெர்ரி மாரிஸ், மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் முடிவை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே புகை. நாள் முழுதும் உட்கார்ந்திருந்த டிரைவருக்கு இருதய நோய் அதிகம்; தினம் 500 முதல் 750 படிகள் ஏறி டிக்கெட் கொடுத்த கண்டக்டருக்குக் குறைவு. இங்கேயும் காரணம் எது என்ற சந்தேகம் வந்தது. குண்டானவர்கள்தாம் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ? மாரிஸ் விடவில்லை. சீருடைக் கால்சராயின் இடுப்பளவுகளை வரவழைத்துப் பார்த்தார். டிரைவர்கள் ஆரம்பத்திலேயே சற்றுப் பருமன்தான். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எப்படிப் பிரித்தாலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைந்திருந்தது. மாரிஸும் தொண்ணூற்றொன்பது வயது வரை இருந்து 2009-ல் காலமானார்.

ஆயினும் நடை செய்கிற வேலை வேறு, மாத்திரை செய்கிற வேலை வேறு. நடந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது, இருதயம் வலுப்படுகிறது; எல்.டி.எல். மட்டும் கொஞ்சமே குறைகிறது. அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் கோளாறு உள்ள 10,043 முன்னாள் படைவீரர்களைப் பற்றிய ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. மருந்தும் தேக வலுவும் இரண்டும் உடையவர்களே அதில் மிகக் குறைவாக இறந்தவர்கள்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நடந்தால் தசை கெட்டுவிடாதா என்று கேட்கலாம். ஹாலந்தில் நைமேகன் என்ற ஊரில் வருஷா வருஷம் நான்கு நாள் நடைத் திருவிழா நடக்கிறது. தினம் 30 முதல் 50 கிலோமீட்டர். அதில் நடந்த நூறு பேரைச் சோதித்தார்கள். ஸ்டாடின் சாப்பிட்டு வலிக்கிறது என்றவர்கள், சாப்பிட்டும் வலிக்காதவர்கள், சாப்பிடாதவர்கள் என்று மூன்று கூட்டம். நடந்த பிறகு எல்லாருக்கும் வலி கூடியது. மூன்று கூட்டத்துக்கும் ஒரே அளவில் கூடியது. 2023-ல் வந்த முடிவு இது.

உண்மையாகவே இந்த மருந்து ஒத்துக்கொள்ளாத சிலரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், வகையை மாற்றலாம், ஸ்டாடின் அல்லாத வேறு மருந்துகளும் இருக்கின்றன. அவர்களையும் பிரமை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அநியாயம். ஒஸாகாவில் அந்தப் பெண்ணின் தசைகள் தளர்ந்தபோது டாக்டர் அவளைச் சந்தேகிக்கவில்லை. மருந்தையும் தூக்கி எறியவில்லை. அளவைத்தான் பார்த்தார்.