பத்துப் பைசா பாயிண்ட்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன வாரம் ஆசிரியர் தினத்தன்று மாணவன் ஒருவன் என்னைப் பற்றி எழுதியிருந்தான். 1994-இல் ஐந்தாம் வகுப்பு முடித்தவன், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். பள்ளிக்குப் பின்னால் இருந்த முந்திரித் தோப்பில் நான்கு பையன்கள் சீட்டு விளையாடியதையும், நான் போய்ப் பிடித்ததையும், பிரம்பால் இரண்டிரண்டு வைத்துவிட்டு அந்தக் கட்டை அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போட்டதையும் நினைவுகூர்ந்து, "அன்றைக்கு சார் கிழித்ததால்தான் இன்றுவரை நான் சீட்டைத் தொட்டதில்லை" என்று முடித்திருந்தான். அதற்கு இருநூறு பேருக்கு மேல் விருப்பக்குறி. "கண்டிப்பான சார்", "ஒழுக்கத்தின் சிகரம்" என்றெல்லாம் பின்னூட்டங்கள்.

படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த ஒழுக்கத்தின் சிகரம் ஆகஸ்ட் மாதம் வரை செல்போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தது. காசு வைத்துத்தான்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நான் 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. காடாம்புலியூரில் மெயின் ரோடே வெறிச்சோடிக் கிடந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். நெய்வேலிக்கு ஷிஃப்டு போகிறவர்களைத் தவிர ஒரு தலை தெரியாது. காலை நடை கிடையாது, டீக்கடைப் பேச்சு கிடையாது. உறவுக்காரப் பையன் ஒருவன் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்து, "சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுங்க பெரியப்பா, அவங்களே போனஸ் தர்றாங்க" என்றான்.

நான் சேர்ந்தது பத்துப் பைசா மேசை. ஒரு பாயிண்டுக்குப் பத்துப் பைசா. ரம்மி தெரிந்தவர்களுக்குப் புரியும்: ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, ஜோக்கர் இல்லாமல் ஒரு ரம்மியாவது சேர வேண்டும், சேராமல் மாட்டிக்கொண்டால் ஃபுல் கவுண்ட் 80. அதாவது எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் எட்டு ரூபாய். முதலிலேயே சீட்டு சரியில்லை என்று ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், இரண்டு ரூபாய். நடுவில் விட்டால் 40, நான்கு ரூபாய். பத்துப் பைசா நாணயமே 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது என்று ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. செல்லாக் காசுக்கு ஆடுவதெல்லாம் ஒரு சூதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த எட்டு ரூபாய் செய்த வேலையைத்தான் சொல்ல வேண்டும். கைக்கு வந்த பதின்மூன்றில் 5, 6, 7 ஹார்ட்டின் என்று பிறவி ரம்மி ஒன்று அமைந்துவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு குளுமை பரவும். அடுத்த ரம்மியும் சேர்ந்து, ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும்போது காது சூடாகும். அது வந்து விழுந்து டிக்ளேர் அடித்தால், இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்காரியை எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றும். கிடைத்தது ஏழு ரூபாய் இருபது காசாக இருக்கும்! நாற்பது வருடம் சம்பளம் வாங்கியவன். டிஏ நிலுவை மொத்தமாக வந்த நாளில்கூட இந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

தோற்றால் அதற்கு நேர்மாறு. எனக்கு ஒரே சீட்டு பாக்கி இருக்கும்போது எதிராளி டிக்ளேர் அடித்துவிட்டால், என்னை யாரோ சந்தியில் நிறுத்தி ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கும். அந்த எதிராளி யாரென்றே தெரியாது. ஒரு புனைபெயர், அதன் பின்னால் நான்கு எண்கள், அவ்வளவுதான். அவன்மீது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, நிலத்தகராறில் பங்காளிமீது வந்ததைவிட அதிகம். எரிச்சலோடு அடுத்த ஆட்டத்தில் உட்காருவேன். ஸ்கூட் விட வேண்டிய சீட்டோடு வீம்புக்கு ஆடுவேன். மறுபடியும் 80. அமெரிக்காவில் இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் பின்னால் இதைச் சொன்னபோது, போக்கர் ஆடுகிறவர்கள் இந்த நிலையை 'டில்ட்' என்பார்கள் சார் என்றான். பின்பால் என்று ஒரு பழைய விளையாட்டு இயந்திரம், அதை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கிச் சாய்த்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுமாம். அதிலிருந்து வந்த சொல். இயந்திரத்துக்காவது நிற்கத் தெரிந்திருக்கிறது.

இரண்டு ரூபாய் தோற்ற காலையில் பால்காரரிடம் தண்ணீர்ப்பால் என்று சண்டை போட்டிருக்கிறேன். ஆறு ரூபாய் ஜெயித்த காலையில் அதே பாலை நன்றாக இருக்கிறது என்று குடித்திருக்கிறேன். "என்னங்க, இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று அவள் கேட்டால் பிரஷர் என்பேன். வடலூர் மாதப் பூசத்துக்குக் கூப்பிட்டாள். முட்டி வலி என்று சொல்லி அவளை மட்டும் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் ஜோதி பார்த்துவிட்டு எனக்காகத் திருநீறு மடித்துக்கொண்டு வந்தாள். முட்டியில் தடவச் சொல்லி.

சரி, காசில்லாத இலவச ஆட்டம் ஆடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதே செயலியில் அதுவும் இருந்தது. ஆடிப் பார்த்தேன். பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. ஜெயித்தாலும் ஒன்றும் இல்லை, தோற்றாலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் "நான் காசுக்காக ஆடவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்று தெரிந்தது. தெரிந்தும் பத்துப் பைசா மேசைக்கே திரும்பிப் போனேன்.

கணக்கு சார் அல்லவா, நோட்டும் போட்டேன். தேதி, போட்டது, எடுத்தது, மீதி. அதில் ஒன்றைக் கண்டுபிடித்தேன், அதை மட்டும் கரும்பலகையில் போடுகிற மாதிரி போட்டுக் காட்டுகிறேன். ஜெயித்தவன் பணத்தில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் சமமான திறமைசாலிகள், எட்டு ரூபாய் வீதம் நூறு ஆட்டம், ஆளுக்கு ஐம்பது வெற்றி. வென்றது 50 × 7.20 = 360. தோற்றது 50 × 8 = 400. ஆளுக்கு நாற்பது ரூபாய் நட்டம். இரண்டு பேருமே தோற்கிற ஒரு விளையாட்டு! இதை நான்காம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடும். எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. போட்ட பிறகும் ஆடினேன்.

மைத்துனர் ஒருமுறை கண்டித்தபோது அவரிடம் வழக்கு வாதாடினேன். 1967-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு, விழுந்த சீட்டை நினைவில் வைத்து ஆட வேண்டியது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றேன். உண்மைதான், சொல்லியிருக்கிறது. அவர், "சுப்ரீம் கோர்ட்டு உங்க மூஞ்சியப் பாத்துட்டு சொல்லல மாமா" என்றார்.

சட்டத்தின் கதை எங்கள் ஊர் நால்வழிச் சாலை வேலை மாதிரி போனது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தடை செய்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான். 2003-இல் லாட்டரியைத் தடை செய்தபோது எத்தனை வீடுகளில் பெண்கள் மூச்சு விட்டார்கள் என்று பார்த்தவன் நான். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்த வாரமே போனில் செய்தி வந்தது, திரும்பி வாருங்கள், போனஸ் காத்திருக்கிறது என்று. போய்விட்டேன். பிறகு நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், ஆளுநர் மசோதாவைத் திருப்பியது, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டே என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது. எனக்கு அது பொருந்தவில்லை, நான் பதினொன்றரைக்குள் தோற்றுவிட்டுப் படுத்துவிடுகிறவன்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது. சம்பந்தப்பட்டவனிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "பேர் மட்டும் வேணாம் சார்" என்றான்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் சாயந்திரம், என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன். நான் திண்ணையில் ஆட்டத்தில் இருந்தேன். ஒவ்வொரு முறைக்கும் அரை நிமிடம்தான் நேரம், விட்டால் முறை போய்விடும். "உட்காருடா, ரெண்டு நிமிஷம்" என்றேன். உட்கார்ந்தான். ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். என் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள், பேரன் ஏதோ பாட்டுப் பாடிக் காட்ட வேண்டுமாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு ஆடினேன். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டான், "சார், நீங்க எந்த டேபிள்?"

பத்துப் பைசா என்றேன்.

"நானும் அதுலதான் சார் ஆரம்பிச்சேன்."

பத்துப் பைசா, இருபத்தைந்து பைசா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று மேலே போயிருக்கிறான். மனைவியின் நகை வங்கியில். கைமாற்று நான்கு இடத்தில். அவன் வந்தது ஐயாயிரம் ரூபாய் கடன் கேட்க. முப்பது வருடம் எத்தனையோ பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உட்கார வைத்துப் புத்தி சொன்ன வாய் இது. அன்று ஒரு சொல் வரவில்லை. என்ன சொல்வது? போனில் அடுத்த ஆட்டத்துக்கு எனக்குச் சீட்டுப் போட்டு, நொடி எண்ணிக்கொண்டிருந்தது.

பணம் கொடுத்தேன். சூதுக்குத்தான் போயிருக்கும் என்று தெரிந்தே கொடுத்தேன், அவன் எழுந்து போனால் போதும் என்று. இதற்காக அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். இப்போது திருப்பூரில் வேலையில் இருக்கிறான். நகையில் பாதி மீட்டாயிற்று.

நானும் அன்றோடு விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. உள் அறைக்கு மாறினேன், அவ்வளவுதான். மத்தியச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்ததும் பண ஆட்டங்கள் நின்றன. மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. 46 ரூபாய் இருந்தது, எடுத்துக்கொண்டேன். முதல் பத்து நாள் சாயந்திரம் ஆனால் கட்டை விரல் தானாகப் போனைத் தேடியது.

நோட்டை மூடும்போது மொத்தம் போட்டேன். 52 மாதம், நிகர நட்டம் 13,468 ரூபாய். மாதம் 259. நாளுக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை, ஒரு டீ விலை வராது. அடப் பரவாயில்லையே என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். பிறகுதான் பார்த்தேன், நோட்டில் நேரத்துக்குப் பத்தியே போடவில்லை. நாளுக்கு இரண்டரை மணி என்று குறைத்தே வைத்தாலும் 3,900 மணி நேரம். கல்வி உரிமைச் சட்டத்தில் தொடக்க வகுப்புக்கு ஆண்டுக்கு 800 மணி நேரம் கற்பித்தல் என்று இருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 4,000. ஒரு பிள்ளைக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுப்பதில் தொடங்கி, ஐந்தாம் வகுப்பு முடித்து அனுப்புகிற வரைக்குமான நேரம்.

இதை முதலில் வீட்டுக்காரியிடம்தான் சொன்னேன். பணத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப முட்டி வலி?" என்றாள். பதில் சொல்லவில்லை நான். இரண்டு நாள் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை.

இப்போது அந்தச் சீட்டுக்கட்டுக்கு வருகிறேன். ஆசிரியர் தினத்துக்கு எழுதிய தம்பி ஒன்றை மறந்துவிட்டான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் நான்கு பேரும் காசு வைத்து ஆடவில்லை. முந்திரிக்கொட்டை வைத்து ஆடினீர்கள். பங்குனி மாதம், கொட்டை உதிர்கிற நேரம். ஆளுக்கு முன்னால் ஒரு சிறு குவியல். நான் மரத்துக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். தோற்றவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகும் அடித்தேன், கிழித்தேன். அந்தக் கட்டு யாருடைய அண்ணனுடையது, வீட்டில் அவன் என்ன பட்டான் என்று அன்று நான் கேட்கவில்லை. யாருடையது என்று இப்போது சொன்னால், புதுக்கட்டு ஒன்று வாங்கித் தருகிறேன்.

எனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன், பண்ருட்டியில். காலாண்டு விடுமுறைக்குப் பேரன் வருவான், அதற்கு முன்னால் வீட்டுக்காரிக்குக் கழுதை ஆட்டம் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறேன். பரணில் இருந்த உடைக்காத கொட்டையைத்தான் பந்தயம் வைக்கிறோம். நேற்று அவள் பன்னிரண்டு கொட்டை ஜெயித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அவள் கவனித்துவிட்டாள்.