ஈ.வி. என்ற இரண்டு எழுத்து

பிளேக் தடுப்பூசியைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் 'ஈ.வி.' என்ற இரண்டு எழுத்து வந்து நிற்கும். ஏதோ ரசாயனப் பெயர் போல இருக்கும். உண்மையில் அது ஒரு குழந்தையின் பெயர். 1926ல் மடகாஸ்கரில் பிளேக் வந்து இறந்த குழந்தையின் முதலெழுத்துகள். குழந்தை போய்விட்டது, அதன் உடலிலிருந்து எடுத்த கிருமி மட்டும் ஏறக்குறைய நூறு வருடமாக ஆய்வுக்கூடங்களில் உயிரோடு இருக்கிறது!

மடகாஸ்கருக்கு பிளேக் 1898ல் கப்பல் வழியாக வந்தது. 1921ல் மலைமேல் இருக்கும் தலைநகர் அன்டனனரிவோவுக்கு ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. எலி, எலியின் மேல் தெள்ளுப்பூச்சி, பக்கத்தில் மனிதன். மூன்றும் கூடவே இருக்கிற ஊரில் நோய் வருவதும் போவதுமாக இருக்குமே தவிர, ஒழியாது.

ஜார்ஜ் ஜிரார், ழான் ரோபிக் என்று இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். ஈ.வி.யின் கிருமியை வருடக்கணக்கில் குழாய் மாற்றி, குழாய் மாற்றி வளர்த்தார்கள். ஒரு கட்டத்தில் அது கொல்லும் குணத்தை இழந்துவிட்டது. ஏன் இழந்தது என்று அப்போது தெரியாது. பிற்பாடுதான் தெரிந்தது: அதன் மரபணுவில் ஒரு பெரிய துண்டு கழன்று விழுந்திருக்கிறது. மனித ரத்தத்திலிருந்து இரும்புச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும் வித்தை அந்தத் துண்டில்தான் இருந்தது. இரும்பு கிடைக்காத கிருமி கொஞ்ச நாள் தள்ளாடிவிட்டுச் செத்துப்போகும். அதற்குள் உடல் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

(இது கதையில்லை என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. 2009ல் சிகாகோவில் ஓர் ஆராய்ச்சியாளர் இதே குறையுள்ள, 'ஆபத்தில்லாத' பிளேக் கிருமியால் இறந்தார். அவர் உடலில் பரம்பரையாக இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் கோளாறு இருந்தது தெரியவந்தது. கிருமிக்கு இல்லாததை அவர் உடலே கொடுத்துவிட்டது.)

சரி, உடல் எதை அடையாளம் காண்கிறது? தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் இருக்கும்வரை பிளேக் கிருமிக்குப் போர்வை கிடையாது. மனித உடலின் 37 டிகிரி சூட்டுக்கு வந்ததும் எஃப்1 என்ற புரதத்தால் ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். வெள்ளையணுக்களால் அதைச் சுலபமாக விழுங்க முடியாது. கிருமி நிணநீர்க் கணுவுக்குப் போய்ப் பெருகும். தொடை இடுக்கில் நெறி கட்டும். தடுப்பூசி போட்டவர் உடலில் அந்தப் போர்வைக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாராக இருக்கும். போர்வையில் போய் ஒட்டிக்கொண்டு, 'இதோ இருக்கான்' என்று வெள்ளையணுவுக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் போர்வையே இல்லாத பிளேக் கிருமிகளும் உண்டு, அவையும் நோய் தரும். அதனால் கிருமியைக் கொன்று தயாரிக்கும் பழைய ஊசிகளைவிட, உயிரோடு இருக்கிற ஈ.வி. ஒரு படி மேல். ஆன்டிபாடியோடு நில்லாமல் டி செல்களையும் எழுப்பிவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு. கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும். பாதுகாப்போ ஒரு வருடம் தாங்கினால் பெரிது.

1930களின் நடுவில் மடகாஸ்கரில் லட்சக்கணக்கானவர்களுக்கு இதைப் போட்டார்கள். விருப்பம் கேட்டு நடந்த காரியம் என்று சொல்ல முடியாது. பிளேக்கில் இறந்தவரைக் குடும்பக் கல்லறையில் புதைக்கக்கூடாது என்று சட்டம் போட்ட அதே காலனி அரசுதான் ஊசியும் போட்டது. முன்னோர் எலும்புகளை வெளியே எடுத்துப் புதுத்துணி சுற்றிக் கொண்டாடுகிற மக்களிடம் அந்தச் சட்டம் எப்படி இறங்கியிருக்கும்? ஊசியைக் கண்டு ஓடியவர்களை 'அறியாமை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

நோய் குறைந்தது. ஊசியால்தானா? இங்கேதான் சிக்கல். பிளேக் ஒரு வருடம் இந்தக் கிராமம், மறு வருடம் அந்தக் கிராமம் என்று தாவும். பாதிப் பேருக்குப் போட்டு, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்து எண்ணிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. வியட்நாம் போரில்கூட மறைமுகமான சாட்சிதான் கிடைத்தது. ஊசி போட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, அதே எலித் தெள்ளுப்பூச்சி பரப்பும் டைபஸ் காய்ச்சல் வந்தது, பிளேக் மிக அரிதாகவே வந்தது. கடி வாங்கியிருக்கிறார்கள், பிளேக் மட்டும் ஒட்டவில்லை என்றுதானே அர்த்தம்? கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

ரத்தத்தில் ஆன்டிபாடியை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். எவ்வளவு இருந்தால் பிளேக் வராது என்ற கோடு இன்னும் போடப்படவில்லை. ஈ.வி. ஊசி போட்டவர்களில் சிலருக்கு எஃப்1 ஆன்டிபாடி தென்படுவதே இல்லை, ஆனால் டி செல்கள் விழித்திருக்கும். மடகாஸ்கர் கிராமங்களிலோ தலைகீழ்: ஊசியும் போடாமல், படுக்கையிலும் விழாமல் நடமாடுகிறவர்கள் சிலருடைய ரத்தத்தில் எஃப்1 ஆன்டிபாடி இருக்கிறது. எப்போதோ கிருமி வந்து, தெரியாமலே போயிருக்கிறது. அவர்களுக்குப் புது ஊசி போட்டால் உடல் எப்படிப் பதில் சொல்லும் என்பதை, பிளேக்கையே பார்க்காத ஊர்த் தன்னார்வலர்களை வைத்துச் சொல்லிவிட முடியாது.

2017ல் மடகாஸ்கரில் பிளேக் நகரங்களுக்குள் புகுந்தது. பெரும்பாலும் நுரையீரல் பிளேக், இருமலில் பரவுகிற வகை. சில மாதங்களில் சுமார் 2,400 பேருக்கு நோய் என்று கணக்கு, 200 பேருக்கு மேல் சாவு. எதிர்த்து நின்றது ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள்தான். ஈ.வி. ஊசி இன்னும் ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் பிளேக் உலாவும் பகுதிகளில் ஆட்டிடையர் போன்றவர்களுக்குப் போடப்படுகிறது. 2021ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு புது ஊசியின் முதல் சோதனை தொடங்கியது. எஃப்1, கூடவே 'வி' என்ற இன்னொரு புரதம், இரண்டையும் காட்டிக்கொடுக்கிற ஊசி. அந்தக் குழந்தை இறந்த தீவில் வழக்கமாகப் போடுவதற்கு இன்றுவரை எந்த பிளேக் ஊசியும் இல்லை.