தாளும் பொறுப்பும்

ஆடிட்டிங்கில் முதலில் சொல்லித் தருவது வவுச்சிங். பில் இருப்பதாலேயே சரக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்கணும். பி.காம். படிக்கும் எனக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய ஃபைலை அடுக்கி வைப்பது என் வேலை. ஸ்கேன், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் உண்டு. ஆனால் "அடுத்த மேமோகிராம் எப்போ? கை வீங்கினா யார்கிட்ட போகணும்?" என்று அவர் கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு தாள் இல்லை. அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2005இல் ஒரு யோசனை சொன்னது. சிகிச்சை முடிகிற ஒவ்வொருவருக்கும், என்ன சிகிச்சை நடந்தது, என்ன பின்விளைவு வரலாம், எந்தச் சோதனை எப்போது, யார் பொறுப்பு என்று எழுதியே தர வேண்டும் என்றது. நல்ல விஷயம்தான். ஆனால் பலன் உண்டா?

கனடாவில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 408 பெண்களைக் குடும்ப டாக்டர்களிடம் மாற்றி, ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் இந்தத் திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவினரின் மன உளைச்சலிலும் பெரிய வித்தியாசமில்லை. 'அப்போ வேஸ்ட்' என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். தன் தொடர் கவனிப்புக்கு யார் பொறுப்பு என்று சரியாகச் சொன்னவர்கள், திட்டம் பெற்றவர்களில் 98.7 சதவீதம், பெறாதவர்களில் 89.1. அதாவது தாள் இல்லாதவர்களில் பத்துக்கு ஒருவர் யாரிடம் போவதென்றே சரியாகத் தெரியாமல் இருந்தார். எனக்கு இந்தக் கணக்குத்தான் முக்கியமாகப் படுகிறது. உளைச்சலைத் தாள் போக்காது, வழியைக் காட்டும்.

அமெரிக்காவில் 'கமிஷன் ஆன் கேன்சர்' அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எத்தனை சதவீதம் பேருக்குத் திட்டம் கொடுத்தன என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2020 விதிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. கொடுத்த தாளை எண்ணுவது பில்லை எண்ணுவது மாதிரி. குறித்த தேதியில் சோதனை நடந்ததா என்பதுதான் சரக்கு.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிகிச்சை முடிகிறதா? கிளம்பும் முன் டாக்டரிடம் நான்கை எழுதி வாங்குங்கள்: என்ன செய்தார்கள், எதைக் கவனிக்கணும், அடுத்த சோதனை எப்போது, யாரைப் பார்க்கணும். பிறகு அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.