கதியால்கள் காத்த வளவு

மரம் நடுவதைப் புண்ணியம் என்று போற்றும் நம்மவர், மரத்தில் கத்தி வைப்பதைப் பாவம் என்பர். ஆயினும், ஓங்கி வளர்ந்த மரத்தைக் காலமறிந்து குறைத்துவிடுவதும் அதனை வளர்ப்பதன் ஒரு பகுதியே. மன்னார்த் தீவிலுள்ள எங்கள் வளவு எனக்குக் கற்பித்த பாடம் இது.

1990 இல் போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. 2010 இல் திரும்பியபோது வளவு காடாய்க் கிடந்தது. காணி உறுதியோ அலைச்சலில் தொலைந்துவிட்டது. வேலிக்கு நட்ட பூவரசங் கதியால்கள் இருபது ஆண்டுகள் கத்தி காணாது பெருமரங்களாகி நின்றன. "யாவற்றையும் வேரோடு பெயர்த்துவிடுவோம்" என்றனர் வீட்டு இளைஞர். அயல் வளவுப் பெரியவரோ, "தம்பி, உறுதி போனாலும் எல்லை போகவில்லை. இந்தப் பூவரசுகள்தான் உங்களுக்குச் சாட்சி" என்றார். வரிசை பிசகாது நின்ற அம்மரங்களே இரு வளவுகளையும் பிரித்துக் காட்டின. ஆகவே, வேரை விட்டுக் கொப்புகளை மட்டும் குறைப்பதென முடிவு செய்தோம்.

எப்பொழுது வெட்டுவது? வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும், வெயிலும் கொடிது. அந்நாளில் நிழலையும் காற்றுத் தடுப்பையும் இழத்தல் தகாது. ஐப்பசியில் மாரி தொடங்கும். எனவே, அதற்கு முந்திய புரட்டாசியே ஏற்ற மாதம். வெட்டிய மரம் மழையில் விரைந்து துளிர்க்கும். நேரிய கொப்புகள் புதுக் கதியால்களாக வேர்விடும். குழை ஆடுகளுக்கு உணவாகும். கார்த்திகை, மார்கழியிற் புயல் வந்தாலும், பாரங் குறைந்த மரம் எளிதிற் சாயாது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் இக்கரையையும் தாக்கியதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

வெட்டுவதிலும் முறையுண்டு. பெருங் கொப்பை ஒரே வெட்டில் வீழ்த்தினால், அது தன் பாரத்தால் அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்புறத்தில் மூன்றிலொரு பங்கு வாளால் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று அப்பால் மேற்புறமாக அறுத்தால் பட்டை கிழியாது கொப்பு விழும். எஞ்சிய துண்டை, அதன் அடியில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதிக்கு வெளியே அறுத்தெடுக்க வேண்டும். காயத்தை மூடி வளர்வது அம்மோதிரமே. சாணமோ தாரோ பூசத் தேவையில்லை.

எல்லா மரத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. வேலிப் பூவரசை ஆளுயரத்துக்குக் குறைத்தாலும் தழைத்துவிடும். முற்றத்து வேம்பில் ஓராண்டிற் கால்பங்குக்கு மேல் குறைத்தலாகாது. பனைக்கு உயிர் அதன் ஒற்றைக் குருத்திலேயே உள்ளது. காய்ந்த ஓலையை மட்டும் கழிக்கலாம்.

நீண்ட காலத்தின் பின் தம் வளவுக்குத் திரும்பும் இளையோர்க்கு ஒரு சொல்: கத்தியை எடுக்குமுன் வளவை ஒருமுறை சுற்றி வந்து, எம்மரத்தை யார் எதற்காக நட்டனர் என்று அயலாரிடம் கேட்டறியுங்கள். வேலியோரக் கொப்பை அவர்களையும் அழைத்தே வெட்டுங்கள். எல்லையும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.