காசில் வந்த பதவி

பாலக்காட்டுக் கணவாயில், கொங்கு நாட்டை ஒட்டி அமைந்தது எங்கள் வடகரப்பதி. ஆடிக் காற்று விரைந்து செல்லும் இவ்வழியேதான், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மேலைக் கடற்கரையில் இறங்கிய உரோமானிய வெள்ளியும் கொங்கு நாட்டை அடைந்தது என அறிஞர் கருதுவர்.

நம் நாட்டில் மிகுதியாகக் கிடைத்த அகஸ்டஸ் காசுவகை ஒன்றுண்டு. ஒருபுறம் பேரரசரின் தலை. மறுபுறம் அவர்தம் பெயரர்களும் சுவீகாரப் புதல்வர்களுமான கையஸ், லூசியஸ் ஆகிய இருவர். அவர்களைக் கான்சல் பதவிக்குக் குறிக்கப்பெற்றோர் என்று அக்காசின் எழுத்துகள் கூறுகின்றன.

கான்சல் என்பது குடியரசுக் கால உரோமின் தலைமைப் பதவி. ஆண்டுதோறும் இருவர் தேர்ந்தெடுக்கப்பெறுவர். ஒருவர் ஆணையை மற்றவர் தடுக்கலாம். அவர்கள் பெயராலேயே ஆண்டு வழங்கும். கி.மு. 31 முதல் இடைவிடாது அப்பதவி வகித்த அகஸ்டஸ், கி.மு. 23இல் அதனைத் துறந்தார். ஆயினும் படைகளும் மாநிலங்களும் அவர் கையிலேயே இருந்தன. பதவி பிறரிடம் சென்றது; அதிகாரம் செல்லவில்லை. கி.மு. 5 முதல் ஆண்டின் இடையிலேயே கான்சல்கள் மாறுவதும் வழக்கமாயிற்று. அவ்வாண்டில்தான் கையஸ், பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில், ஐந்தாண்டு கழித்துப் பதவியேற்குமாறு குறிக்கப்பெற்றான். கி.பி. 1இல் ஏற்றான்; கி.பி. 4இல் மாண்டான். லூசியஸோ பதவியைக் காணாமலே கி.பி. 2இல் மறைந்தான். அவர்கள் பட்டம் மட்டும் கடல் கடந்து நம் மண்ணில் புதைந்து கிடந்தது.

இச்செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்பு நாணமும் வந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகிய நான், மேலவர் விடுப்பில் சென்றமையால் மூன்று திங்கள் அவர் பொறுப்பை வகித்தேன். நாற்காலி எனது, முடிவுகள் மேலிடத்தினுடையவை. குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்த மூதாட்டி ஒருவரிடம், "எனக்கு அதிகாரமில்லை அம்மா" என்று இருமுறை சொல்லி அனுப்பினேன். மூன்றாம் முறை அவர், "சார், இந்த நாற்காலியிலே இருக்கிறது நீங்கதானே?" என்றார்.

விடை கூற இயலாமல் எழுந்து சென்று பழைய அலமாரியைத் துழாவினேன். அவர் முன்பே கொடுத்திருந்த சான்றிதழ் வேறொரு கோப்பினுள் கிடந்தது. அது இல்லாமையால்தான் அனைத்தும் நின்றிருந்தது.

ஓய்வூதியம் வழங்க ஆணையிடும் அதிகாரம் எனக்கில்லை என்பது உண்மையே. ஆனால் எழுந்து தேடுவதற்கு எவருடைய ஆணையும் வேண்டியிருக்கவில்லை. அதிகாரம் இழந்த பின்னும் உரோமின் கான்சல்கள் செனட் அவையைக் கூட்டினர், தலைமை தாங்கினர், முறையீடும் கேட்டனர். அதிகாரமில்லை என்று நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் அம்மெய் அம்மூதாட்டியை இருமுறை வெறுங்கையுடன் திருப்பியனுப்பியது.