இரண்டரை மணி நேரச் சாப்பாடு

கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம். விடிந்தது முதல் நள்ளிரவு வரை ஏதாவது ஒரு தளத்தில் ஏதாவது ஒன்று சுடச்சுடக் கிடைத்துக்கொண்டே இருக்கும். அப்படியிருக்க, அதே கப்பலில் இருக்கும் ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தலைக்கு 50, 60 டாலர் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எல்லார் வீட்டிலும் எழும். சியாட்டிலில் வேலை பார்க்கும் மகள், அலாஸ்கா போய்வரும் ஒரு வாரக் கப்பலில் எங்களுக்கு இடம் போட்டபோது, ஒரு ராத்திரிக்கு ‘ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்’ சாப்பாட்டையும் சேர்த்தே பதிவு செய்திருந்தாள். சர்வீஸ் சார்ஜோடு கூட்டிப் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. “ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா? கேன்சல் பண்ணிடும்மா” என்றார் என் கணவர். அவள் பண்ணவில்லை.

கொடுத்த காசுக்கு அது தகும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எல்லாருக்கும் தகும் என்று சொல்ல மாட்டேன். தட்டில் வருவதை மட்டும் கணக்குப் பார்த்தால் யாருக்குமே தகாது.

பெரிய கப்பல்களில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் பயணம் செய்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மாலையில் நாலைந்து வகை பரிமாறியாக வேண்டும். அதனால் பெரிய உணவுக்கூடத்தில், நேரம் குறித்து உட்காருகிறவர்களுக்கு, நம் கல்யாண வீட்டு வழக்கம்தான்: ஆறு மணிக்கு முதல் பந்தி, எட்டு எட்டரைக்கு இரண்டாம் பந்தி. நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். ஒரு பரிமாறுபவரும் ஒரு உதவியாளரும் இருபது பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் சிரித்த முகமாக ஓடுவதைப் பார்த்தால் மனசு நெகிழும். என்றாலும் ஓட்டம் ஓட்டம்தான். சூப் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்கும் அடுத்த தட்டு வருவதற்கும் நடுவில் ஒரு பேச்சைத் தொடங்கி முடிக்க முடியாது. சமையலும் மொத்தமாக, தொகுதி தொகுதியாக நடக்கிறது. கட்டணம் வாங்கும் சின்ன உணவகத்தில், நாம் சொன்ன பிறகுதான் மீன் அடுப்பில் ஏறும். அதற்கே இருபது நிமிஷம் போகும். அந்த இருபது நிமிஷத்தில் நம்மை யாரும் அவசரப்படுத்துவதில்லை. நாம் காசு கொடுப்பது அதற்குத்தான்.

இது புதிதாக முளைத்த வியாபார உத்தி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. உல்லாசக் கப்பல் பயணத்துக்கு முன்னோடியாக 1891-இல் ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பிய ஹாம்பர்க் கம்பெனிக்காரர் ஆல்பர்ட் பாலின்தான், 1905-இல் ‘அமெரிகா’ என்ற கப்பலில் தனிக் கட்டண உணவகத்தையும் கொண்டுவந்தார். சேஸர் ரிட்ஸின் ஓட்டல் பெயரில் அது நடந்தது. அதன் சமையலுக்குப் பின்னால் இருந்தவர் அகஸ்த் எஸ்கோஃபியே. அன்றைக்கு முதல் வகுப்புப் பயணிகளுக்குக்கூடப் பெரும்பாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருகிற நீள மேஜைதான். நினைத்த நேரத்தில் வந்து, தனி மேஜையில், கேட்டதைச் சாப்பிடலாம் என்பதற்குத்தான் பாலின் தனியாகக் காசு வாங்கினார். 1912-இல் டைட்டானிக்கிலும் அதே மாதிரி ஓர் உணவகம் இருந்தது. லுய்ஜி காட்டி என்ற இத்தாலியர் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். அவரும், அவரிடம் வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் கப்பலோடு போனார்கள். அந்தப் பணியாளர்களைப் பற்றிப் படித்ததிலிருந்து, கப்பலில் தட்டு ஏந்தி வரும் யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த நினைவு வந்துவிடுகிறது.

இனி, எங்கள் ராத்திரிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் நான் பரிமாறுவேன், அவர் சாப்பிடுவார், பிள்ளைகள் சாப்பிடுவார்கள், அப்புறம் நான் உட்காருவேன். அவர் ரயில்வேயில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். பத்து நிமிஷத்தில் கையலம்பிவிட்டு எழுந்துவிடுவார். சங்கு ஊதுவதற்குள் சாப்பிட்டாக வேண்டிய வேலை பழக்கிவிட்ட வேகம் அது. ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. கப்பலிலும் முதல் நாட்களில் பஃபேயில் இதேதான் நடந்தது. அவருக்குத் தயிர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நான் ஒரு பக்கம், எனக்கு ஃபோர்க் எடுக்க அவர் ஒரு பக்கம். நான் தட்டோடு வந்து உட்காரும்போது அவர் முடித்திருப்பார். முடித்துவிட்டு, ஜன்னலோர இடத்துக்குக் காத்திருக்கும் அடுத்த குடும்பத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு, “நீ மெதுவா வா” என்று எழுந்து போய்விடுவார்.

மகள் பதிவு செய்திருந்தது என்டிகாட் ஆர்ம் போய்த் திரும்பும் நாளின் ராத்திரி. ஜூனோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கடல் கால்வாய் அது. அதன் கடைக்கோடியில் டாஸ் பனியாறு கடலில் இறங்குகிறது. பகலெல்லாம் மேல்தளத்தில் குளிரில் நின்று, நீலம் பாரித்த பனிச்சுவரைப் பார்த்துக் களைத்திருந்தோம். ஜூன் மாதத்தில் அங்கே ராத்திரி பத்து மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. ஏழரைக்கு நாங்கள் போய் உட்கார்ந்தபோது, நம் ஊர் நாலரை மணி வெயில் மேஜை விரிப்பின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. இருவர் மட்டும் உட்காரும் மேஜை. பக்கத்திலேயே கண்ணாடி. அந்தப் பக்கம் ஊசியிலைக் காடும் அதன் காலடியில் அசையாத தண்ணீரும்.

அது பெரும்பாலும் மாட்டிறைச்சி ஸ்டேக் சாப்பிடுகிறவர்களுக்கான உணவகம். நாங்கள் அது சாப்பிடுவதில்லை. ஹாலிபட் மீன் சொன்னோம். நன்றாக இருந்தது: வெள்ளை வெளேரென்று கனத்த துண்டு, மேலே மட்டும் பொன்னிறமாக முறுகி, ஃபோர்க் பட்டதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. ஆனால் மீனுக்காகவே என்றால் ஜூனோவில் இறங்கி, துறைமுகத்தை ஒட்டிய கடையில் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். அலாஸ்காவில் மீன் பண்ணைக்கு 1990-லேயே சட்டப்படித் தடை போட்டுவிட்டார்கள். அந்த மாநிலத்துச் சால்மன் கடலில் வளர்ந்து வந்த மீன்தான். அதைக் கரையில் சாப்பிடும் ருசி கப்பல் அடுக்களையில் வருவதில்லை. கப்பலில் தீ பயத்தால் எரிவாயு அடுப்பே கிடையாது, எல்லாம் மின்சாரம்தான்.

ரொட்டிக் கூடையை அவர் பக்கம் நகர்த்தக் கை நீட்டினேன். அதற்குள் பரிமாறுபவர் வந்து நகர்த்திவிட்டார். அவருடைய தண்ணீர் குறைந்ததைப் பார்த்து என்னை அறியாமல் நாற்காலியிலிருந்து எழப்போனேன். அதற்கும் ஆள் வந்துவிட்டது. “நீ உட்காரேன்” என்றார் என் கணவர். உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்த இளைஞர், விரல் நீளத்தில் வளைந்த ஒரு மெல்லிய உலோகத் தகட்டால் விரிப்பின் மேல் சிதறிய ரொட்டித் துகள்களை வழித்துச் சின்னத் தட்டில் வாங்கிக்கொண்டு போவார். சத்தமே வராது. என் பக்கம் சிந்தியதையும் ஒருவர் துடைக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது பழகாத விஷயம்.

மீன் வரக் காத்திருந்த நேரத்தில் அவர் பேச ஆரம்பித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜபல்பூரில் போட்டார்களாம். சப்பாத்தி தொண்டையில் இறங்காமல் திண்டாடியதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தமிழ்க் கார்டு வீட்டுக்கு ரசம் சாதத்துக்காக நடந்தே போனதும் எனக்குத் தெரியாத கதைகள். அவர் ஜபல்பூரில் இருந்தது தெரியும். ரசம் சாதம் தெரியாது. “அந்த வீட்டம்மா வாராவாரம் போட்டாங்க. அவங்க எப்பச் சாப்பிட்டாங்கன்னு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை” என்றார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்து மேஜையில் யாரோ மெல்லக் கத்தினார்கள். தூரத்தில் தண்ணீருக்கு மேல் புகைபோல் ஒன்று எழுந்தது. பிறகு இன்னொன்று. கூன்முதுகுத் திமிங்கிலங்கள். குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் ஏறக்குறைய பட்டினியாகக் கழித்துவிட்டு, கோடையில் வயிறாரச் சாப்பிடுவதற்கென்றே இந்தத் தண்ணீருக்கு வருபவை. ஃபிரெடரிக் சவுண்ட் என்ற அந்தக் கடற்பகுதியில் கோடையில் அவை நிறையத் தென்படும். உணவகத்தில் இருந்த எல்லாரும் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டார்கள். பரிமாறுகிறவர்களும் தட்டைப் பிடித்தபடி நின்றார்கள். யாரும் யாரையும் “ஆறிடும், சாப்பிடுங்க” என்று சொல்லவில்லை. எங்கள் மீன் கொஞ்சம் ஆறித்தான் போனது. நாங்கள் எழுந்தபோது பத்து மணி. இருட்டவில்லை.

இதை வைத்துக்கொண்டு எல்லாரும் போங்கள் என்று சொல்லிவிட முடியாது. சுத்த சைவக்காரர்கள் ஸ்டேக் உணவகத்துக்கு அதே காசைக் கொடுத்துப் போவது எனக்குச் சம்மதமில்லை. அவித்த காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் அவ்வளவு பணம் கொடுப்பது அநியாயம். இத்தாலிய உணவகம் இருந்தால் அதற்குப் போகலாம். இல்லையென்றால் பெரிய உணவுக்கூடத்திலேயே ஹெட் வெயிட்டரிடம் முதல் நாள் ராத்திரி சொல்லிவையுங்கள். பல கப்பல்களில் சமையலறையிலும் பரிமாறும் இடத்திலும் இந்தியர்கள் இருக்கிறார்கள். மறுநாள் பருப்பும் காய்க் குழம்பும் சாதமும் தனிக் கட்டணம் இல்லாமலே வந்துவிடும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களும் வேண்டாம். இரண்டரை மணி நேரம் நாற்காலியில் உட்காரச் சொல்வது குழந்தைக்குத் தண்டனை. ஜப்பானிய டெப்பன்யாகி உணவகத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சூடான தகட்டைச் சுற்றி முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும். சமைப்பவர் கரண்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதற்குக் கைதட்டலாம். பேச முடியாது.

மூன்று ராத்திரி, ஐந்து ராத்திரி என்று பேக்கேஜ் விற்பார்கள். வேண்டவே வேண்டாம். ஒரு ராத்திரி போதும். பெரிய உணவுக்கூடத்துக்கும் ஓர் அருமை உண்டு. தினமும் அதே மேஜைக்குப் போனால், இரண்டாம் நாளே நம் பெயரும், காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதும் பரிமாறுபவருக்குத் தெரிந்துவிடும். தொடர்ந்து போகாமலிருந்தால் அந்த ஒட்டுதல் அறுந்துபோகும். பல கப்பல்களில் எல்லாரும் உடுத்திக்கொண்டு வரும் ராத்திரியில் அங்கேயே லாப்ஸ்டர் போடுகிறார்கள், தனிக் காசு இல்லாமல். அந்த ராத்திரியை விட்டுவிடாதீர்கள்.

நாள் பார்ப்பதுதான் முக்கியம். சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் நிற்கும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, வேறு நாட்டைத் தொடாமல் அமெரிக்காவிலேயே இறக்கக் கூடாது என்று 1886-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருப்பதால் வந்த நிறுத்தம் அது. அன்றைக்கு எல்லாரும் இறங்கும் அவசரத்தில் இருப்பார்கள். மெதுவாகச் சாப்பிடுகிற நாள் அது இல்லை. புறப்படும் முதல் ராத்திரி சில கப்பல்களில் கட்டணம் குறைவு. ஆனால் பெட்டி அறைக்கு வந்து சேர்ந்ததா என்ற கவலை அன்றைக்கு எல்லாருக்கும் இருக்கும். காசு இடித்தால், சில கப்பல்களில் கரை தொடாத நாளின் மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். ராத்திரியைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள், அதே ஜன்னல், அதே நிதானம். ஏறிய அன்றே அந்த உணவகத்தை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சில கப்பல்களில் அது ஜன்னலே இல்லாத நடுப்பகுதியில் இருக்கும். அப்படியென்றால் பதிவை ரத்து செய்துவிடலாம். கெடு தாண்டினால் காசு திரும்ப வராது என்பதால் அதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

பெற்றோருக்காகக் கப்பலில் இடம் போடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சம்மதம் கேட்காதீர்கள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பனியாறு பார்த்துத் திரும்பும் நாளின் ராத்திரிக்கு, ஜன்னலோரம், இரண்டு பேர் மேஜையாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நீங்களும் அதே கப்பலில் வந்தால், அன்றைக்கு மட்டும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஃபேக்குப் போங்கள். அம்மா எழுந்து வந்து ஊட்டிவிடுகிற தூரத்தில் யாரும் உட்கார வேண்டாம்.