அழித்த தகரக் கூரை

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம்தான் அவள் வீடு. தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி இதழை வடிவமைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. கேரளப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றத்தில் கணினி பழகியிருந்தாள். கிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள், காசு கேட்பதில்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

பக்க அமைப்புதான் முதலில் படுத்தியது. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்திருந்தாள். ‘தொழிலாளர்களுக்கு’ என்று ஒரு சொல் வந்தால் போதும், அடுத்த வரிக்குத் தாவி, விட்ட இடத்தில் ஓட்டை விழும். பத்திகளை இரண்டாக்கினாள். கொக்கியும் காலும் மோதாதபடி வரி இடைவெளியையும் கூட்டினாள்.

அடுத்தது அட்டைப்படம். கொழுந்து பறிக்கும் அம்மாவை மழை நாளில் செல்போனில் எடுத்த படம்; ஒரே இருட்டு. ‘கர்வ்ஸ்’ கருவியால் வெளிச்சம் கூட்டினாள். அத்தோடு நின்றிருக்கலாம். முகத்தை வெளுப்பாக்கினாள். பின்னால் தெரிந்த லயத்தின் துருப்பிடித்த கூரைமேல், ‘குளோன்’ கருவியால் தேயிலைச் செடிகளை ஒட்டினாள். விளம்பரப் படம் போலவே இருந்தது. தோழிகள் அசந்துபோனார்கள்.

அம்மாவிடம் காட்டினாள்.

“யாரு புள்ள இது?”

நல்லவேளை, ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனி லேயரில் வைத்திருந்தாள். மேலிருந்த இரண்டை மட்டும் அணைத்தாள். முகம் திரும்பியது, கூரையும் திரும்பியது. இதழின் பெயரை வெள்ளை எழுத்தில் வைக்க, அந்தத் துருநிறத் தகரத்தில்தான் இடம் இருந்தது.